முழுச் சுற்றுக்கு ஒரு சத்தம்

அத்தியாயம் 6

டக்.

கனகா பல்லைக் கடித்துக்கொண்டாள். பழங்காநத்தம் மெயின் ரோட்டிலிருந்து வண்டியைச் சந்துக்குள் ஒடிக்கும்போது ஒரு தடவை, ஸ்டியரிங்கை நேராக்கும்போது இன்னொரு தடவை. டக். காலுக்குக் கீழே எவனோ குந்திக்கொண்டு விரல் முட்டியால் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். ஒன்றரை மாதமாக இதே கூத்துதான்.

"இதுதானா?" என்று கேட்டார் பக்கத்து சீட்டில் இருந்த நாஸியா. "இன்னொரு தடவ திருப்புங்க பாப்போம்."

"முட்டுச்சந்துக்கா இது," என்று பின் சீட்டிலிருந்து தலையை நீட்டினான் மலையாண்டி. "இன்னொரு தடவ திருப்புனா அந்தப் பச்சை வீட்டு அடுப்படிக்குள்ளதான் போய் நிக்கணும். சாப்பாட்டு நேரம், போனாலும் தப்பில்ல."

நாஸியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பதினாறு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக, மோதிய வண்டிகளைப் பார்த்துப் பார்த்து அறிக்கை எழுதியவர் அவர். எந்த வண்டி நிஜமாக மோதியது, எந்த வண்டி மோதியதாக நடிக்கிறது என்பதை எட்டி நின்றே சொல்லிவிடுவார். அந்த வேலையை உதறிவிட்டு ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜ் மாடியில் துப்பறியும் அலுவலகம் போட்டு நாலு வருடம் ஆகிறது. மலையாண்டி அவருடைய உதவியாளன். கை கால் எல்லாம் சம்பளத்துக்குத் தகுந்த மாதிரிதான் வேலை செய்யும், வாய் மட்டும் ஓவர்டைம் பார்க்கும்.

கனகா அவர்களிடம் வந்தது ஸ்டியரிங் சத்தத்துக்காக இல்லை. புருஷனுக்காக.

ராம்கி அடிக்கிற ஆளில்லை, கத்துகிற ஆளுமில்லை. எதிரே வந்து நிற்பான், அவ்வளவுதான். நின்று சிரிப்பான். விவாகரத்து வழக்கு நடக்கிறது. அவள் பக்கம் நெருங்கக் கூடாது என்று கோர்ட் உத்தரவே இருக்கிறது. கனகா இரண்டு வீடு மாறிவிட்டாள். மூன்று போன் மாற்றிவிட்டாள். மாட்டுத்தாவணிப் பக்கம் தோழி வீட்டுக்குப் போனால் எதிர்க் கடையில் ராம்கி. வேலை பார்க்கிற லேபுக்கு வெளியே ராம்கி. போன வாரம் திருப்பரங்குன்றத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தால், அங்கேயும் ராம்கி. போலீஸில் போய்ச் சொன்னால், "டீ குடிக்க வந்தேங்கிறாரு, என்ன பண்ணச் சொல்ற? மதுரையில எங்கிட்டுத் திரும்புனாலும் தெரிஞ்ச ஆளுதான்" என்று எஸ்.ஐ. சீனியம்மாள் கையை விரித்துவிட்டார். அந்த ஸ்டேஷனில் கேமரா மாட்டிக் கொடுத்ததே ராம்கிதான். ஊரெல்லாம் கேமரா மாட்டுவது அவன் தொழில்.

இன்று கனகா ஊரைவிட்டே போகிறாள். டிக்கியில் இரண்டு சூட்கேஸ், ஒரு குக்கர், ஒரு டேபிள் ஃபேன். நாளைக் காலை ஒன்பது மணிக்கு வேறொரு ஊரில் புது வேலை. ஊர்ப் பெயர் அவளுக்கும் நாஸியாவுக்கும் மட்டும்தான் தெரியும். அங்கேயும் எதிர்க் கடையில் ராம்கி வந்து நின்றுவிட்டால் அவளுக்கு ஓடுவதற்கு வேறு இடமில்லை. ஓடத் தெம்பும் இல்லை. ஊரைத் தாண்டுவதற்கு முன்னால் இந்தச் சத்தத்தைப் பார்த்துவிடலாம் என்று வண்டியை இந்தச் சந்துக்குத் திருப்பச் சொன்னது நாஸியாதான்.

சந்தின் கடைசியில் தகரக் கேட் போட்ட ஒர்க்‌ஷாப். சிஹாபுதீன் கேட்டை முழுசாகத் திறந்துவிட்டார். ஐம்பத்தைந்து வயது, வெள்ளைத் தாடி, தோளில் கிரீஸ் துண்டு. வண்டி உள்ளே நுழைந்ததும் கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். அந்த இரும்புச் சத்தத்தில் கனகா திரும்பிப் பார்த்தாள். சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் சுவர், சுவர் மேலே கண்ணாடிச் சில்லு, போகவும் வரவும் ஒரே வழி. இதே ஆள்தான் மூன்று வாரத்துக்கு முன்னால் இந்த வண்டியைப் பிரித்து மாட்டியவர்.

"பாய் முகத்தப் பாருங்கக்கா," என்று மலையாண்டி நாஸியாவின் காதைக் கடித்தான். "கல்யாண வீட்டுல மாப்பிள்ள செருப்ப ஒளிச்சு வச்சவன் மாதிரி முழிக்கிறாரு."

"பாத்தேன். நீ கேட்டுப் பக்கம் போய் நில்லு."

நாஸியா அவரிடம் நேராகவே கேட்டார். "அண்ணே, இந்த வண்டிக்கு என்னென்ன செஞ்சீங்க?"

"முன் சக்கரத்துக்கு மேல இருக்கிற ஸ்ட்ரட் மவுண்டு மாத்துனேன்மா. சக்கரத்தத் திருப்புற ராடு எண்டு ரெண்டும் மாத்துனேன். கிரீஸ் வச்சேன். சத்தம் போகல. நம்மளால முடியலன்னு வண்டியக் குடுத்துட்டேன்." சொல்லும்போது கண் வண்டியில் இல்லை, தரையில் இருந்தது.

"எம்புட்டு வருஷமாத் தொழில் பாக்குறீங்க?"

"அது ஆச்சு முப்பது வருஷம்."

முப்பது வருட மெக்கானிக் ஒரு டக் சத்தத்துக்குத் தோற்றுப்போனதாகச் சொன்னால், ஒன்று அது பொய், இல்லை அவருக்கு எதன் மேலோ பயம். இதை நாஸியா வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் கனகாவுக்கே அது தோன்றிவிட்டது. தெரியாத்தனமாகப் புலிக்கூண்டுக்குள் வண்டியைக் கொண்டுவந்து விட்டோமோ என்று சாத்திய கேட்டைப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து, தகரக் கேட்டில் இருந்த ஆணி ஓட்டையில் கண்ணை வைத்திருந்த மலையாண்டி மெதுவாகச் சொன்னான்.

"வந்துட்டாப்ல. சந்து முனையில டீக்கடை பெஞ்சு. நீலச் சட்டை, கூலிங் கிளாஸ்."

கனகா பக்கத்தில் கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டாள். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது யாரிடமும் சொல்லவில்லை. போனை அணைத்து வைத்திருந்தாள். பைபாஸில் வரும்போது பின்னால் எந்த வண்டியும் இல்லை, மலையாண்டி பார்த்துக்கொண்டேதான் வந்தான். அப்படியும் பத்தே நிமிடத்தில் ராம்கி வந்துவிட்டான்.

"நான் என்னதான்க்கா செய்யட்டும்?" என்றாள். "பூமிக்குள்ள போய்ப் புதைஞ்சாலும் அங்கயும் டீ குடிக்க வருவான்."

நாஸியா அவள் தோளில் கை வைத்தார். "உங்க அத்தை மக கல்யாணத்துக்கு மேலூர் போனீங்களே, அங்க வந்தானா?"

"இல்ல."

"எதுல போனீங்க?"

"பஸ்ஸுல." சொல்லி முடித்ததும்தான் கனகாவுக்கே உறைத்தது. தோழி வீட்டுக்கு, லேபுக்கு, திருப்பரங்குன்றத்துக்கு, எல்லாவற்றுக்கும் போனது இந்த வண்டியில்.

"அப்ப வண்டிய இங்கயே போட்டுட்டு பஸ் ஏறிட வேண்டியதுதான," என்றான் மலையாண்டி.

"இன்னைக்கு ஏறலாம். அப்புறம் ஆயுசு முழுக்கப் பின்னாடி திரும்பிப் பாத்துக்கிட்டே நிக்கணும். வண்டிய விட்டா சாட்சியும் போயிரும்." நாஸியா முந்தானையை இடுப்பில் செருகினார். "அவன் என்ன செய்றான்?"

"டீய வாங்கி வச்சிட்டுக் குடிக்காம இருக்கான். நானும் பாக்குறேன், வந்ததுல இருந்து ஒரு தடவகூட இந்தக் கேட்டப் பாக்கலக்கா. போனையே தடவிக்கிட்டு இருக்கான். நம்மள வேவு பாக்க வந்துட்டு நம்மள மதிக்க மாட்டேங்கிறான்."

நாஸியா சட்டென்று திரும்பி அவனைப் பார்த்தார். கனகாவிடம் வந்தார். "சத்தம் எப்ப ஆரம்பிச்சுச்சு? அவன் எதிர்ல வந்து நிக்க ஆரம்பிச்சது எப்ப?"

கனகா விரலை மடக்கி யோசித்தாள். வைகாசிக் கடைசி. ஒரு வெள்ளிக்கிழமைதான் முதல் டக். அதற்கு அடுத்த திங்கட்கிழமை லேபுக்கு வெளியே முதல் சிரிப்பு.

"ரெண்டும் ஒரே வாரத்துப் பிறப்பு," என்றான் மலையாண்டி. "ரெண்டும் கிரீஸ் வச்சும் அடங்கல."

"வண்டியில ஏறி உக்காருங்க கனகா. இஞ்சின ஸ்டார்ட் பண்ணுங்க. ஒரு அடிகூட நகர வேண்டாம். ஸ்டியரிங்க மட்டும் கடைசி வரைக்கும் திருப்புங்க."

நின்ற இடத்தில் கனகா திருப்பினாள். டக். இன்னும் திருப்பினாள். கடைசியில் போய் முட்டி நின்றது. மறுபக்கம் திருப்பினாள். டக். டக்.

"வண்டி ஓடாமலே வருது. அப்ப ரோட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. அண்ணே, முன்பக்கத்த ஜாக்கி போட்டுத் தூக்குங்க."

சிஹாபுதீன் மறுபேச்சு பேசாமல் தூக்கினார். முன் சக்கரம் இரண்டும் அந்தரத்தில் தொங்கின. கனகா மறுபடி திருப்பினாள். டக்.

"சக்கரத்து மேல பாரமே இல்ல. ஆனாலும் வருது. அப்ப மவுண்டும் இல்ல, ராடு எண்டும் இல்ல. கீழ இருக்கிற எதுவுமே இல்ல." நாஸியா ஒரு சாக்பீஸை எடுத்து ஸ்டியரிங்கின் உச்சியில் கோடு போட்டார். "இப்ப மெதுவா. சத்தம் வர்றப்ப நிறுத்துங்க."

டக். கனகா நிறுத்தினாள். சாக்பீஸ் கோடு வலது கைப் பக்கம் நின்றது. ஒரு முழுச் சுற்று திருப்பினாள். கோடு அதே இடத்துக்கு வந்ததும், டக்.

"கனகா, மெதுவாப் போனாத்தான் சத்தம்னு எங்கிட்ட வந்தப்பவே சொன்னீங்க. மெதுவாப் போறதுல ஒண்ணுமில்ல. ரோட்டுல வேகமாப் போறப்ப ஸ்டியரிங் எம்புட்டுத் திரும்பும்? ஒரு சாண். முழுச் சுத்து எப்பச் சுத்துவீங்க? சந்துல ஒடிக்கிறப்ப, பார்க்கிங்ல, யு டர்ன் அடிக்கிறப்ப. எல்லாம் மெதுவாப் போற எடம். கோளாறு வேகத்துல இல்ல, சுத்துல. ஸ்டியரிங் தண்டு கூடவே சுத்துற ஏதோ ஒண்ணு, சுத்துக்கு ஒரு தடவ எதையோ போய் இடிக்குது." நாஸியா சிஹாபுதீன் பக்கம் திரும்பினார். "எனக்கு இது கால் மணி நேரத்துல தெரியுதுன்னா, உங்களுக்கு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும். ஏண்ணே மறைச்சீங்க?"

சிஹாபுதீன் துண்டால் கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் துடைத்தார்.

"தெரியும்மா," என்றார். "ரெண்டு சாமானையும் மாத்தி மாட்டுனதுக்கு அப்புறம், டார்ச் அடிச்சுப் பாத்தேன். பெடலுக்கு மேல, ஸ்டியரிங் ஜாயிண்டுக்குப் பக்கத்துல மஞ்சத் துணியில ஒரு முடிச்சு. அந்த ஜாயிண்டு போல்ட்டு போய் அதத்தான் தட்டுது. யாரோ சாமிக்கு நேந்து காசு முடிஞ்சு கட்டியிருக்காங்க. அதுல நான் எப்படிம்மா கை வைக்கிறது? எங்க ஆளுக தாயத்தா இருந்தாக்கூட அவுத்து வேற எடத்துல கட்டியிருப்பேன். இது அடுத்தவங்க சாமி விசயம். அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லலாம்னுதான் வாயெடுத்தேன். கோளாறு எதுலம்மான்னா ஒங்க சாமியிலதான்னு ஒரு பாய் சொன்னா நல்லாவா இருக்கும்? அதான் முடியலன்னு சொல்லிட்டேன். அல்லா சத்தியமா வேற ஒண்ணுமில்ல."

"இவருக்கு முன்னாடி செல்லூர்ல ஒருத்தர் பாத்தாரு," என்றாள் கனகா மெல்ல. "அவரும் குனிஞ்சு பாத்துட்டு, கன்னத்துல போட்டுக்கிட்டாரு. நான் ஸ்டியரிங்கத்தான் கும்பிடுறாருன்னு நெனச்சேன்." அவள் நிமிர்ந்தாள். "ஆனா நான் எதுவும் கட்டலையே."

மலையாண்டி செருப்பைக் கழற்றிவிட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, டிரைவர் சீட்டுக்குக் கீழே மல்லாந்து படுத்துத் தலையை உள்ளே விட்டான். இரண்டு கால் மட்டும் வெளியே தெரிந்தது. வெளியே வந்தபோது அவன் முகத்தில் விளையாட்டு இல்லை. கனகா அவனை அப்படிப் பார்த்ததே இல்லை.

"அக்கா, இது நேந்த முடிச்சு இல்ல."

"எப்படிச் சொல்ற?"

"பிரேக் பெடலுக்கு ஒட்டுனாப்ல கட்டியிருக்கு. செருப்புக் கால் படுற எடம். எங்கம்மா வண்டியில திருநீறு வச்சாக்கூட மிதி படாத எடமாப் பாத்துத்தான் வைக்கும். சாமிக்குப் பயந்தவன் எவனும் இங்கன கட்ட மாட்டான். அதோட மேலுக்குத்தான் துணி முடிச்சு. உள்ள பிளாஸ்டிக் கேபிள் டை போட்டு இழுத்து இறுக்கியிருக்கான். சாமிக்கு நேந்துக்கிட்டவன் கேபிள் டை வாங்கவா கடைக்குப் போவான்? அது ஒயர் இழுக்குற ஆளோட கைப்பழக்கம்."

கேமரா மாட்டுகிறவனின் கைப்பழக்கம்.

சிஹாபுதீன் கட்டரை எடுத்து நீட்டினார். மலையாண்டி நறுக்கிக் கொண்டுவந்து நாஸியாவின் உள்ளங்கையில் வைத்தான். மஞ்சள் துணியின் ஒரு மூலை தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. ஒன்றரை மாதமாக போல்ட்டு தட்டித் தட்டி விழுந்த ஓட்டை. துணியைப் பிரித்தால் காசு இல்லை. தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்பு டப்பா, ஓரத்தில் பச்சையாக ஒரு புள்ளி விட்டு விட்டு மின்னியது. வண்டி எங்கே போனாலும் போனுக்குச் சேதி சொல்லும் டப்பா.

சிஹாபுதீன் அதைப் பார்த்துவிட்டு வண்டிக்குள் மறுபடி குனிந்து பார்த்தார். "கட்டு தளர்ந்து எறங்கிக்கிட்டே வந்திருக்கும்மா. இன்னும் ரெண்டு விரக்கடை எறங்கியிருந்தா ஜாயிண்டுக்குள்ள போய் சிக்கியிருக்கும். லாரி வர்ற திருப்பமா இருந்தா, ஸ்டியரிங் அப்படியே நின்னுருக்கும். நான் பாத்துட்டுப் பேசாம அனுப்பிட்டேனே. என்ன காரியம் பண்ணிட்டேன்."

ஒன்றரை மாதமாகக் காலடியில் தட்டிக்கொண்டிருந்தது அவன்தான். உன்னை விட்டேனா பார் என்று திருப்பத்துக்குத் திருப்பம் தட்டியிருக்கிறான். கனகாவுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. வெகு நாளைக்கப்புறம் வந்த கோபம், உடம்புக்கு நன்றாகக்கூட இருந்தது.

"ஒரே போடு," என்று சுத்தியலைத் தூக்கினான் மலையாண்டி.

"கைய எறக்கு." நாஸியா டப்பாவைத் துணியோடு மூடிக்கொண்டார். "கனகா, வண்டியப் பூட்டித்தான வைக்கிறீங்க? வேற சாவி யார்கிட்ட இருக்கு?"

அவ்வளவு நேரம் வந்த கோபம் அந்த ஒரு கேள்வியில் வடிந்துபோனது. இன்னொரு சாவி அம்மாவிடம் இருந்தது.

அணைத்து வைத்திருந்த போனைப் போட்டு அம்மாவைக் கூப்பிட்டாள். பாண்டியம்மாள் இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். கனகா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, என் வண்டியோட இன்னொரு சாவிய யாருக்காச்சும் குடுத்தியா?"

பாண்டியம்மாள் முதலில் டி.வி.யை அணைத்தார்.

"வைகாசியில மாப்பிள்ள வந்தாகத்தா. நீ நைட் டூட்டி பாத்துட்டு அசந்து தூங்குன. தனியா வண்டி ஓட்டிட்டுத் திரியுறா, எனக்குப் பயமா இருக்கு அத்த, பாண்டி கோயில்ல ஒரு பூச போட்டுக் கொண்டாந்து விட்டுர்றேன்னாக. கண்ணெல்லாம் கலங்கிப் போயிச் சொன்னாக. ஒரு மணி நேரந்தான். கொண்டாந்து விட்டுட்டாகளே."

கனகாவுக்கு அந்த வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. தூங்கி எழுந்து வெளியே வந்தால் பானெட்டில் சந்தனம், குங்குமம். "நீதான பூசுனேன்னு சொன்ன?"

"அவுக பேரச் சொன்னா நீ கழுவி ஊத்திருவன்னுதான் சொல்லல. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணு சேந்துரணும்னு நானும் கையெடுத்துக் கும்பிட்டேன். தப்பாத்தா?"

திட்டத்தான் வாயைத் திறந்தாள். திட்ட முடியவில்லை. அம்மா கும்பிட்ட சந்தனத்துக்குக் கீழேதான் அவன் டப்பாவைக் கட்டியிருக்கிறான். கண்ணில் நீர் கரகரவென்று இறங்கியது.

"இன்னைக்கு எதாச்சும் கேட்டானா?"

"காலையில போன் பண்ணாக, எந்த ஊருக்குப் போறான்னு. எனக்கே தெரியாதேன்னு சொல்லிட்டேன். ஏன்த்தா, என்ன ஆச்சு?"

"அப்புறம் சொல்றேன். இன்னைக்கு ஒரு நாள் மட்டும் அவன் கூப்பிட்டா எடுக்காத."

போனை வைத்தாள். நாஸியா அவள் அழுது முடிக்கிற வரைக்கும் காத்திருந்தார். பிறகு தன் போனில் ஒரு எண்ணைத் தட்டினார்.

"சீனியம்மா மேடமா? நாஸியா பேசுறேன். டீ குடிக்கிற கேசுதான். ஒரு தடவ கீழக்குயில்குடி வரைக்கும் வர முடியுமா? ஒரு கார் சமணர் மலை ஏறப் போகுது. ஆமா மேடம், படியிலதான். சீருடை வேண்டாம், சேலையில வாங்க."

மலையாண்டிக்கு அரை நிமிடம் பிடித்தது. புரிந்ததும் பல்லெல்லாம் தெரிந்தது. "டப்பாவ நான் எடுத்துட்டுப் போகணும். ஆனா அவன் சந்து முனையிலதான உக்காந்திருக்கான். கார் வெளிய வரலன்னு தெரிஞ்சுராதா?"

"நீதான சொன்ன, அவன் கேட்டையே பாக்கலன்னு. கேமரா மாட்டுறவன் கண்ண நம்ப மாட்டான், திரையத்தான் நம்புவான். பின்னாடி ஏதோ வழி இருக்குன்னு அவனே ஒரு வழியக் கட்டிக்குவான்."

சிஹாபுதீனின் சாப்பாட்டுத் தூக்கின் மேல்தட்டில் டப்பா ஏறியது. அவருடைய மொபெட்டில் மலையாண்டி ஏறினான். "வாரேன்க்கா. மலை மேல வெயில்ல காயப் போறேன், வெள்ளரிப்பிஞ்சு செலவு ஆபீஸ் கணக்கு."

கனகா ஆணி ஓட்டையில் கண்ணை வைத்தாள். மொபெட் டீக்கடையைத் தாண்டியபோது ராம்கி நிமிர்ந்து, தூக்குவாளியோடு போகிற ஆளை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி போனுக்குள் குனிந்துகொண்டான். கனகா ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். பதினேழில் அவன் பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தான். கேட்டைப் பார்த்தான். கேட் சாத்தியே இருந்தது. போனைப் பார்த்தான். எதை நம்புவது என்று அந்த முகத்தில் ஒரு கணம் தள்ளாட்டம். பிறகு டீயை அப்படியே வைத்துவிட்டு பைக்கை உதைத்தான்.

சிஹாபுதீன் ஜாக்கியை இறக்கிக் கேட்டைத் திறந்துவிட்டார். "போம்மா. இனி அது பேசாது."

கல்யாணமான ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக ராம்கி முன்னால் போனான், கனகா பின்னால் போனாள். வழிக்கு வழி நிறுத்திப் போனைப் பார்த்தானே தவிர, நாகமலைப் பக்கம் திரும்புகிற வரைக்கும் அவன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கீழக்குயில்குடியில் தாமரைக் குளத்தை ஒட்டி ஆலமரத்தடியில் அவன் பைக் நின்றது. அவன் படியேறிக்கொண்டிருந்தான். நாஸியாவும் கனகாவும் செருப்புச் சத்தம் கேட்காமல் இருபது படி பின்தங்கி ஏறினார்கள். மத்தியான வெயிலில் பாறை கொதித்தது. ராம்கி நாலு படிக்கு ஒரு தடவை நின்று, போனைத் திருப்பித் திருப்பிப் பிடித்துப் பார்த்தான். கார் மேலே இருக்கிறது என்று போன் சொன்னது. அவனும் ஏறினான்.

பேச்சிப்பள்ளத்தில், பாறையில் செதுக்கிய உருவங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு எதிரே, பருத்திச் சேலை கட்டிய ஓர் அம்மா நிழலில் உட்கார்ந்து வெள்ளரிப்பிஞ்சு கடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தூக்குவாளியோடு மலையாண்டி.

"எதையோ தேடுறீங்க போல, தம்பி?" என்றார் அந்த அம்மா.

"ஒண்ணுமில்ல," என்றான் ராம்கி, போனிலிருந்து கண்ணை எடுக்காமல். ஒன்றரை மாதமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், தானாகவே சொன்னது. "சும்மா டீ குடிக்க வந்தேன்."

"மலை உச்சியிலயா?" சீனியம்மாள் எழுந்து சேலையைத் தட்டிவிட்டார். அப்போதுதான் அவனுக்கு முகம் பிடிபட்டது. ஓர் அடி பின்னால் வைத்தான். அவர் அவன் கையிலிருந்த போனை லாகவமாக வாங்கிக்கொண்டார். "காருப் படம் போட்டிருக்கு. கனகான்னு பேரு வேற. காரு இங்கனதான் நிக்குதாம். நான் வந்து பத்து நிமிஷமாச்சு தம்பி, ஒரு சைக்கிள்கூடப் படியேறல."

மலையாண்டி தூக்குவாளியைத் திறந்து மஞ்சள் துணியை எடுத்துக் காட்டினான்.

"அது என்னோடதில்ல. எவனோ கட்டுனதுக்கு நான் என்ன பண்ண முடியும்?" ராம்கி திரும்பினான். படியில் கனகா நின்றாள். அவன் எப்போதும் சிரிக்கிற சிரிப்பைத் தேடினான், கிடைக்கவில்லை. "நீ தனியாப் போற. எதாச்சும் ஆச்சுன்னா? உன் நல்லதுக்குத்தான் கனகா."

"நல்லதுக்கா? பிரேக்குக்குப் பக்கத்துல. எறங்கி ஸ்டியரிங்ல சிக்கியிருந்தா நான் செத்திருப்பேன். கட்டத்தான் தெரியல, ஒழுங்கா எடம் பாத்தாவது வச்சிருக்கலாம்ல?"

தொழிலைச் சொன்னதும் அவனுக்குப் பொறுக்கவில்லை. "அதெல்லாம் சிக்காது. நாலு கேபிள் டை போட்டு, இழுத்துப் பாத்துத்தான் கட்டுனேன். நான் கட்டுனது இதுவரைக்கும் ஒண்ணு அவுந்ததில்ல."

ராம்கிக்குத் தான் என்ன சொன்னோம் என்று மெதுவாகத்தான் தெரிந்தது.

"நாலு கேபிள் டை," என்றார் சீனியம்மாள். "அப்படியே எழுதிக்கிறேன். நடங்க தம்பி, கீழ போய் நெசமாவே டீ குடிப்போம்." போகிற போக்கில் கனகாவின் முன் ஒரு கணம் நின்றார். "அன்னைக்கு ஒன்னச் சரியாக் கேக்காம அனுப்பிட்டேன். தப்புதான்."

நாலு மணிக்கு ஆலமரத்தடியில் நாஸியாவும் மலையாண்டியும் இறங்கிக்கொண்டார்கள். மலையாண்டி ஜன்னல் வழியாக ஒரு வெள்ளரிப்பிஞ்சை நீட்டினான். கனகா தனியாக வண்டியை எடுத்தாள். குளத்தோரம் யு டர்ன் அடிக்க வேண்டும். பயத்தோடு ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தாள். ஒரு சுற்று, இன்னும் கொஞ்சம். காலடியில் யாருமில்லை. ஒடித்து நேராக்கினாள், அப்போதும் சத்தமில்லை.

மெயின் ரோடு ஏறும்போது போன் அடித்தது. அம்மா.

"போலீஸ்ல இருந்து கூப்பிட்டு எல்லாம் சொன்னாகத்தா. எனக்குத் தெரியாமப் போச்சே. நெஞ்சே வெடிச்சிரும் போல இருக்கு." கொஞ்ச நேரம் அழுதார். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டார். "ஊரு பேர மட்டும் சொல்லுத்தா. ஒரு நட வந்து ஒன்னப் பாத்துட்டு வந்துர்றேன்."

சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது. அம்மா நல்லவள். அதே நல்ல மனசோடுதான் சாவியையும் எடுத்துக் கொடுத்தாள். நாளைக்கு வேறு யாராவது கண் கலங்கி வந்து நின்றால், ஊர்ப் பெயரையும் எடுத்துக் கொடுப்பாள்.

"நான் வந்து ஒன்னப் பாக்குறேன்மா," என்றாள் கனகா. போனை வைத்துவிட்டு, திண்டுக்கல் ரோடு வரைக்கும் அழுதுகொண்டே ஓட்டினாள்.